பந்தைத் தொடாமல் பேஸ் ஏறுவது பேட்டரின் திறமையா, பிட்சரின் தவறா?

2025 அக்டோபர் 28, விடியற்காலை 3.20

ஆட்டம் முடிந்து அரை மணி நேரமாகிறது. தூக்கம் வரவில்லை. அமெரிக்க பேஸ்பாலின் இறுதிச் சுற்றான உலகத் தொடரின் மூன்றாவது ஆட்டம், 18 இன்னிங்ஸ், 6 மணி 39 நிமிடம். ஃப்ரெடி ஃப்ரீமன் அடித்த ஹோம் ரனில் (நம் சிக்ஸர் மாதிரி) டாட்ஜர்ஸ் அணி 6-5 என்று ஜெயித்தது. என் மனதில் நிற்பது ஃப்ரீமன் இல்லை, அதே அணியின் ஒஹ்தானி. ஒன்பது முறை பேட் பிடித்து வந்தார், ஒன்பது முறையும் பேஸ் ஏறினார், அதாவது அவுட் ஆகாமல் ஓட்டப் பாதையின் ஒரு நிறுத்தத்தையாவது எட்டினார். முதல் நான்கில் இரண்டு டபுள் (இரண்டாம் பேஸ் வரை எட்டும் அடி), இரண்டு ஹோம் ரன். அதற்குப் பிறகு எதிரணி டொராண்டோ அவருக்கு அடிக்கப் பந்தே தரவில்லை. நான்கு முறை டகவுட்டிலிருந்து சைகை காட்டி நேராக முதல் பேஸுக்கு அனுப்பிவிட்டார்கள். பேஸில் ஆளே இல்லாதபோதும் அனுப்பினார்கள். ஐந்தாவது முறை பிட்சர் (பந்து போடுபவர்) போட்டார், நான்கும் வெளியே.

திருச்சியில் அப்போது மதியம். மச்சினன் ஸ்கோரைப் பார்த்துவிட்டு அனுப்பிய செய்தி இது: "மாமா, அஞ்சு தடவை சும்மா நடந்து போனதையும் சாதனைன்னு எழுதியிருக்காங்களே. நம்ம ஊர்ல வைட் போட்டா எக்ஸ்ட்ராஸ்லதானே சேரும்? பேட்ஸ்மேன் கணக்குல யாரு ஏத்துறா?"

நியாயமான கேள்வி. காலையில் எழுதுகிறேன்.

2025 அக்டோபர் 28, மாலை

பேஸ்பால் பார்க்காதவர்களுக்கு முதலில் ஒன்று. பேட்டர் முன்னால் 17 அங்குல அகலத்தில் ஒரு பலகை. அதற்கு மேலே, முழங்காலுக்குக் கீழ்ப்புறத்திலிருந்து நெஞ்சு வரை ஒரு கண்ணுக்குத் தெரியாத ஜன்னல். அதுதான் ஸ்ட்ரைக் ஸோன். பேட்டர் பேட்டைச் சுழற்றாமல் விட்ட பந்து அந்த ஜன்னல் வழியாகப் போனால் ஸ்ட்ரைக், வெளியே போனால் பால். (நம் காதுக்கு இது பசும்பாலாகத்தான் கேட்கிறது. என் அம்மா இங்கே வந்திருந்தபோது "நாலு பால் வாங்கினா நடந்து போகலாமா?" என்று கேட்டார். ஆமாம், அவ்வளவுதான் விதி.) மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் அவுட். நான்கு பால் சேர்ந்தால் முதல் பேஸுக்கு இலவசமாக நடை. இதுதான் வாக்.

வைட் அப்படி இல்லை. கிரிக்கெட்டில் வைட் என்பது எட்டாத பந்து. வாக் வாங்கித் தரும் நான்கு பந்துகளில் பெரும்பாலானவை எட்டும் பந்துகள். அடிக்க ஆசை காட்டும் பந்துகள். கடைசி பத்தடியில் கீழே விழும் ஸ்லைடர், கண் மட்டத்தில் பெரிதாகத் தெரியும் வேகப்பந்து. 95 மைல் வேகத்தில் வரும் பந்து கையை விட்டுப் பலகையை எட்ட அரை நொடிகூட ஆகாது. அதில் பாதி நேரத்துக்குள் அடிப்பதா விடுவதா என்று முடிவெடுத்தாக வேண்டும்.

மச்சினன் டிராவிட் பக்தன். டெஸ்டில் 31,258 பந்துகளைச் சந்தித்தவர் டிராவிட். ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே ஓர் அங்குலத்தில் போகும் பந்தை அவர் பேட்டைத் தூக்கி விட்டதற்கு என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து கை தட்டியவன் இவன். அந்த விடுதலுக்குக் கணக்குப் புத்தகத்தில் இடமில்லை. பேஸ்பாலில் நான்கு முறை அப்படி விட்டால் ஒரு பேஸ் தருகிறார்கள். அவ்வளவுதான் வித்தியாசம் என்று பதில் அனுப்பினேன்.

2025 அக்டோபர் 28, இரவு

அவன் விடவில்லை. "சரி மாமா, ஒஹ்தானி எதை விட்டாரு? கையைக் காட்டி அனுப்புனாங்க."

உண்மைதான். 2017இலிருந்து அந்த நான்கு பந்தைக்கூடப் போட வேண்டியதில்லை, சைகை போதும். இரண்டு வகையையும் நான் ஒரே மூட்டையில் கட்டிவிட்டேன். பிரித்துப் பார்க்க வேண்டும்.

2025 அக்டோபர் 29

ஒரு சீசனில் மிக அதிக வாக் என்றால் பாரி பாண்ட்ஸ், சான் பிரான்சிஸ்கோ, 2004. மொத்தம் 232. அவருக்கு முந்தைய பெரிய எண் பேப் ரூத் 1923இல் வாங்கிய 170. அதை 2001இல் 177 என்று தாண்டினார், 2002இல் 198, பிறகு இந்த 232. அந்த 2004இல் அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனது 41 முறை மட்டுமே, ஹோம் ரன் 45. அவுட் ஆனதைவிடப் பேஸ் ஏறியதே அதிகம்: ஆன்-பேஸ் விகிதம் (பேட் பிடிக்க வந்ததில் பேஸ் ஏறிய பங்கு) .609. வயது நாற்பது.

ஆனால் 232இல் 120 வேண்டுமென்றே கொடுத்தவை. அதைக் கழித்தால் 112.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் வருகிறார். எடி யோஸ்ட். வாஷிங்டன் செனட்டர்ஸின் மூன்றாம் பேஸ்காரர். பட்டப்பெயரே நடக்கும் மனிதர். 1956இல் 151 வாக் வாங்கினார், அந்த வருடம் அவர் அடித்த ஹிட் (அடித்து பேஸ் ஏறியது) 119தான். பேட்டிங் சராசரி .231. சராசரியை மட்டும் பார்த்தால் வேலையை விட்டு அனுப்ப வேண்டிய ஆள், ஆனால் ஆன்-பேஸ் விகிதம் .412. லீக்கில் அதிக வாக் வாங்கியவர் என்ற இடத்தை ஆறு முறை பிடித்தார், மொத்தம் 1,614. அவரைக் கண்டு எந்த பிட்சரும் பயப்படக் காரணமில்லை. நேராகப் போட்டால் பெரும்பாலும் அவுட். இருந்தும் போட முடியவில்லை. அப்படியானால் அந்த 151ம் யோஸ்ட் சம்பாதித்தது.

112ஐவிட 151 பெரிது. மச்சினனின் கேள்விக்கு விடை எடி யோஸ்ட்.

2025 அக்டோபர் 30

மேலே எழுதியதைத் திருத்த வேண்டும். நேற்று எண்களை நேரடியாக ஒப்பிட்டது தவறு. வேண்டுமென்றே அனுப்பிய 120 முறை பாண்ட்ஸுக்கு அடிப்பதா விடுவதா என்று முடிவெடுக்கும் வாய்ப்பே இல்லை. அவற்றை இரண்டு பக்கமும் எடுத்துவிட வேண்டும். மிச்சத்தில் அவர் கணக்கில் 373 அட்-பேட் (வாக் சேராமல் பேட் பிடித்த முறை), 112 வாக். நூற்றுக்கு 23. யோஸ்டுக்கு 515 அட்-பேட், 151 வாக். அதுவும் நூற்றுக்கு 23க்குச் சற்றே கீழ். இரண்டும் ஒன்றுதான்!

கணக்குப் போட்டுப் பார்த்ததும் எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன். உலகமே பயந்த ஒருவரும், யாருமே பயப்படாத ஒருவரும், 48 வருட இடைவெளியில் ஒரே விகிதத்தில் நிற்கிறார்கள். ஆனால் பாண்ட்ஸின் 112இலும் பாதி பயம் கலந்திருக்கும். அடிக்கும்படி போடாதே என்று கேட்சர் (பலகைக்குப் பின்னால் பந்தைப் பிடிப்பவர்) தள்ளி உட்கார்ந்தால் அது கணக்கில் சாதாரண வாக்தான். அதனால் யோஸ்ட் மீது எனக்குள்ள மரியாதை குறையவில்லை.

ஊக்க மருந்து விவகாரத்தை விட்டுவிட்டு பாண்ட்ஸைப் பற்றிப் பேச முடியாது, தெரியும். புகழ் மண்டபத்தில் அவருக்கு இன்னும் இடமில்லை. உடல் பலம் எங்கிருந்து வந்தது என்பதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் வெளியே போகும் பந்தை அடையாளம் காணும் கண் அந்த பலத்துக்கு முன்பே இருந்தது. 1990களில் பெரும்பாலான வருடங்களில் நூறுக்கு மேல் நடந்தவர் அவர்.

2025 அக்டோபர் 30, பின்னிரவு

பாண்ட்ஸ் என்றதும் இதைச் சொல்லாமல் தூங்க முடியாது. 1998 மே 28, அரிசோனா மைதானம். ஒன்பதாவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். அரிசோனா 8-6 முன்னிலை. பேட் பிடிக்க பாண்ட்ஸ். அரிசோனா மேனேஜர் பக் ஷோவால்டர் அவருக்கு வாக் கொடுக்கச் சொன்னார். பேஸில் நின்றவர்கள் ஆளுக்கு ஒரு பேஸ் நகர்வார்கள், அதாவது ஒரு ரன்னைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். 8-7. அடுத்து வந்த பிரென்ட் மேய்ன் வலது பக்கம் அடித்த பந்து பிடிபட்டது. அரிசோனா ஜெயித்தது.

இந்த வாக் யாருடைய சாதனை என்று மச்சினன் கேட்டால் நான் தயங்காமல் பாண்ட்ஸ் என்பேன். அன்று அவர் எதையும் விடவில்லை, எதையும் அடிக்கவுமில்லை. அதற்கு முந்தைய பன்னிரண்டு வருடம் அடித்ததற்கான கூலி அது. அப்படியென்றால் அக்டோபர் 28ஆம் தேதி நான் பிரிக்க வேண்டும் என்று சொன்னதில் பாதி தளர்கிறது.

2025 அக்டோபர் 31

ஜப்பானில் இது ஒரு முறை நாடு முழுக்கப் பேச்சானது. 1992 ஆகஸ்ட், கோஷியென் மைதானம், பள்ளி அணிகளின் கோடைப் போட்டி. செய்ர்யோ பள்ளியின் ஹிதேகி மாட்சுய். எதிரணி மெய்தோகு அவருக்கு ஐந்து முறையும் வேண்டுமென்றே வாக் கொடுத்தது. பையன் ஒரு முறைகூட பேட்டைச் சுழற்றவில்லை. செய்ர்யோ 3-2 என்று தோற்று வெளியேறியது. பார்வையாளர்கள் கையில் கிடைத்ததை மைதானத்துக்குள் எறிந்தார்கள். விதிப்படி எல்லாம் சரி. ஆனால் பதினெட்டு வயதுப் பையனுக்கு அடிக்கும்படி ஒரு பந்துகூடப் போடாமல் அனுப்பியதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பதினேழு வருடம் கழித்து, 2009 உலகத் தொடரில், யாங்கீஸ் அணியின் மாட்சுய் தொடரின் சிறந்த வீரர்.

அங்கேயே சடஹாரு ஓ. 868 ஹோம் ரன் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அவர் வாங்கிய வாக் 2,390, அதுவும் அந்த நாட்டில் முதலிடம். 1974இல் 130 ஆட்ட சீசனில் 158.

2025 நவம்பர் 1

இன்று ஏழாவது ஆட்டம். அதற்குள் மகள் விஷயம்.

மகளுக்குப் பதினொரு வயது, இங்கே நியூ ஜெர்சியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். போன வருடம் ஒரு ஆட்டத்தில் மூன்று முறை வாக் வாங்கினாள். எனக்கு வானத்தில் மிதப்பது போல இருந்தது. கோச் மட்டும் அவளைக் கூப்பிட்டு, "நீ இங்கே அடிக்கத்தான் வந்திருக்கிறாய்" என்றார். அடுத்த ஆட்டத்தில் தலைக்கு மேல் போன பந்துக்கெல்லாம் பேட்டைச் சுழற்றி மூன்று முறையும் அவுட். காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தக் கோச் மீது பல மாதம் கோபமாக இருந்தேன்.

இப்போது யோசிக்கும்போது அவர் சொன்னதில் கொஞ்சம் நியாயம் தெரிகிறது. பத்து வயதில் பந்து போடும் குழந்தைக்குக் குறி இருக்காது. சும்மா நின்றாலே நடக்கலாம். அந்த வயது வாக் உண்மையிலேயே வைட் மாதிரிதான், மச்சினன் சொன்னது அங்கே சரி. ஆனால் அதை வைத்து விடும் பழக்கத்தையே குழந்தையிடமிருந்து பிடுங்கக் கூடாது. வெளியே போவதை விடு, உள்ளே வருவதை முழு பலத்தோடு அடி என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இந்தக் கோடையில் அவளை மெட்ஸ் ஆட்டத்துக்குக் கூட்டிப்போனேன், ஹுவான் சோட்டோவைப் பார்க்க. சோட்டோ ஒரு பந்தை விட்டால் சும்மா நிற்க மாட்டார். காலை அகட்டி, தாழ்ந்து, மண்ணைத் தேய்த்து ஒரு ஆட்டம் ஆடி பிட்சரை உற்றுப் பார்ப்பார். நீ போட்டது எனக்குத் தெரியும் என்பது போல. திரும்பி வந்ததிலிருந்து வீட்டுக் கூடத்தில் துடைப்பத்தை வைத்துக்கொண்டு மகள் அதையேதான் செய்கிறாள்.

2025 நவம்பர் 2

டாட்ஜர்ஸ் 5-4, பதினோரு இன்னிங்ஸ். டொராண்டோக்காரர்களுக்காக மனம் வலிக்கிறது.

சோட்டோவின் எண்களை எழுதி வைத்தேன். 2021: 145. 2022: 135. 2023: 132. 2024: 129. 2025: 127. வாஷிங்டன், சான் டியாகோ, யாங்கீஸ், மெட்ஸ் என்று நான்கு அணி. முன்னால் நின்ற பிட்சர்கள் மாறினார்கள், பின்னால் பேட் பிடித்தவர்கள் மாறினார்கள், லீக்கே மாறியது. எண் அசையவில்லை. பிட்சரின் தவறு என்றால் ஒரே ஆளிடம் ஐந்து வருடம் எல்லோரும் ஏன் தவறு செய்ய வேண்டும்? மச்சினனுக்கு இதை முதல் நாளே அனுப்பியிருக்க வேண்டும்.

அசையவில்லை என்று எழுதிவிட்டுத் திரும்பப் பார்க்கிறேன், வருடாவருடம் சிறிது குறைந்துகொண்டுதான் வருகிறது. ஆனால் இந்த வருடம் 43 ஹோம் ரன்னும் அடித்தார், அதனால் எனக்குக் கவலை இல்லை.

2025 நவம்பர் 4

மச்சினன்: "அப்போ வாக்கும் ஹிட்டும் ஒண்ணா மாமா?"

இல்லை. பேஸில் யாரும் இல்லாதபோது சிங்கிளும் (முதல் பேஸ் வரை எட்டும் ஹிட்) வாக்கும் ஒன்றேதான். இரண்டாம் பேஸில் ஆள் நின்றால் சிங்கிள் பெரும்பாலும் அவரைப் பலகை வரை கொண்டுவந்து ரன்னாக்கும், வாக் கொண்டுவராது. சராசரியாகப் பார்த்தால் ஒரு வாக் ஒரு சிங்கிளில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பு. 1887இல் ஒரே ஒரு வருடம் வாக்கையும் ஹிட் என்று சேர்த்து எழுதினார்கள். சராசரிகள் எங்கேயோ போய்விட்டன, அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள். அப்போதெல்லாம் நான்கு பால் என்ற விதியும் இல்லை. 1879இல் ஒன்பது பால் வேண்டும். குறைந்து குறைந்து 1889இல்தான் நான்கில் நின்றது.

அந்த மூன்றில் இரண்டு பங்கைக்கூட நெடுங்காலம் யாரும் எண்ணவில்லை என்பதுதான் என் ஆதங்கம். ராய் கல்லன்பைன், டெட்ராய்ட், 1947. சராசரி .224, ஆனால் 137 வாக், 24 ஹோம் ரன். தொடர்ந்து 22 ஆட்டங்களில் குறைந்தது ஒரு வாக். பேஸ் ஏறிய விகிதம் .401. சீசன் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். மேஜர் லீகில் அவர் அதன்பின் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. பத்து முறை வந்தால் நான்கு முறை பேஸ் ஏறும் ஆளை, .224 என்ற ஒரே எண்ணைப் பார்த்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆன்-பேஸ் விகிதத்தை மேஜர் லீக் அதிகாரபூர்வ எண்ணாக ஏற்றது 1984இல்.

டெட் வில்லியம்ஸுக்குக்கூட இந்தத் திட்டு விழுந்தது. 1941இல் .406 அடித்தார், எல்லோருக்கும் தெரியும். அதே வருடம் 147 வாக், 27 ஸ்ட்ரைக் அவுட். ஓடுவதற்கு ஆள் காத்திருக்கும்போதும் ஸோனுக்கு வெளியே ஓர் அங்குலம் போனால் அடிக்க மாட்டேன் என்று நின்றார். பாஸ்டன் பத்திரிகைக்காரர்கள் சுயநலம் என்றார்கள். ஓர் அங்குலத்துக்கு இணங்கினால் அடுத்த முறை பிட்சர் இரண்டு அங்குலம் கேட்பான் என்பது வில்லியம்ஸின் கணக்கு. அறுபது எழுபது வருடம் கழித்து சின்சினாட்டியில் ஜோயி வாட்டோவும் அதே திட்டு வாங்கினார். 2017இல் 162 ஆட்டமும் ஆடி, 134 வாக், 36 ஹோம் ரன், .320. இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.

2025 நவம்பர் 7

ஸ்ட்ரைக் ஸோன் பேட்டரின் உடலைப் பொறுத்தது என்று சொன்னேன் அல்லவா. ரிக்கி ஹெண்டர்சன் குனிந்து மடங்கி நிற்பார். ஜன்னல் சின்னதாகிவிடும். 2,190 வாக். அவருக்கு வாக் கொடுத்தால் இரண்டாம் பேஸையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி, 1982இல் 116 வாக், 130 பேஸ் திருட்டு (அடி இல்லாமலே ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது). 2024 டிசம்பரில் இறந்துபோனார்.

இன்னொருவர், எடி கெய்டல். உயரம் 3 அடி 7 அங்குலம். 1951 ஆகஸ்ட் 19இல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் முதலாளி பில் வெக் வேடிக்கைக்காக இறக்கினார், முதுகில் 1/8 என்று எண். டெட்ராய்ட் பிட்சர் பாப் கெய்ன் போட்ட நான்கு பந்தும் உயரே போயின. வாழ்நாளில் ஒரே ஒரு முறை பேட் பிடித்து, ஒரு வாக். மறுநாளே லீக் அவர் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. எல்லோரும் இதை நகைச்சுவையாகச் சொல்வார்கள், நானும் சிரித்திருக்கிறேன். பத்து வருடம் கழித்து கெய்டல் இறந்தபோது சவ அடக்கத்துக்குப் போன ஒரே பேஸ்பால்காரர் அந்த பாப் கெய்ன் என்று படித்ததிலிருந்து சிரிக்க வரவில்லை.

2025 நவம்பர் 9

2026 சீசனிலிருந்து அம்பயர் சொன்ன பால், ஸ்ட்ரைக்கை மறுத்துக் கேட்கலாம். பேட்டரோ பிட்சரோ கேட்சரோ தலையைத் தட்டினால் போதும், கேமரா சொல்லும். அணிக்கு இரண்டு வாய்ப்பு, சரியாகக் கேட்டால் குறையாது. கண் யாருக்கு இருக்கிறது என்று வெட்டவெளிச்சமாகிவிடும். யோஸ்டுக்கு இது கிடைத்திருந்தால் 1956இல் எத்தனை வாங்கியிருப்பாரோ.

மச்சினனிடமிருந்து இன்று கேள்வி வரவில்லை. சோட்டோ அந்தக் காலாட்டம் ஆடும் வீடியோ இருந்தால் அனுப்புங்க என்று மட்டும்.

2025 நவம்பர் 9, மாலை

மகளுக்கு இந்த இலையுதிர் சீசனின் கடைசி ஆட்டம். மூன்று பால், இரண்டு ஸ்ட்ரைக். அடுத்த பந்தை விட்டாள். அம்பயர் கையைத் தூக்கினார், அவுட். ஓடி வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, "வெளியதாம்ப்பா போச்சு" என்றாள். நான் மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்திருந்தேன், அங்கிருந்து தெரியவில்லை என்றேன். எல்லோரும் கிளம்பிய பிறகு என்னைக் கையைப் பிடித்து பலகை வரை இழுத்துப் போனாள். கேட்சரின் கையுறை இருந்த இடத்தில் ஷூ நுனியால் மண்ணில் ஒரு வட்டம் போட்டாள். பலகையின் ஓரத்துக்கும் அந்த வட்டத்துக்கும் நடுவே என் உள்ளங்கை முழுதாகப் படுத்தது.